சாகசப் பயணம் என்றால் என்ன? சாதாரணச் சுற்றுலாவிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

விடுமுறையில் வேடிக்கை பார்ப்பதோடு நிற்காமல், உடலை வருத்தி நாமே இறங்கிச் செய்வதுதான் சாகசப் பயணம். மலையேற்றம், கயாக் எனும் சிறுபடகில் துடுப்புப் போடுவது, காட்டு நடை எல்லாம் இதில் அடங்கும். உடலுழைப்பு, இயற்கை, உள்ளூர் மக்களின் வாழ்க்கை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும் என்பது துறையினர் சொல்லும் பொதுவான அளவுகோல்.

ஏன் கஷ்டப்பட வேண்டும்? சிங்கப்பூரின் உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமா சுமார் 163 மீட்டர்தான். அன்றாடம் நமக்கு லிஃப்ட், எம்ஆர்டி ரயில், குளிர்சாதனம். மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையோ 4,095 மீட்டர். அதற்காக வாரக்கணக்கில் அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பழகி, அதிகாலை இருட்டில் தலைவிளக்குடன் உச்சியை நோக்கி நடக்கும்போது, நம் உடம்பால் இவ்வளவு முடியுமா என்ற வியப்பு வரும். பாடுபட்டு அடைந்தது மனத்தைவிட்டுப் போவதில்லை. எனக்கு அதுவே முதல் காரணமாகப் படுகிறது.

சாதாரணச் சுற்றுலாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சாப்பாட்டைப் போன்றது. சிங்கப்பூரின் தேக்காவில் மீன் கறி வாங்கியும் சாப்பிடலாம். அங்குள்ள சந்தையில் மீன் வாங்கி வந்து நாமே குழம்பும் வைக்கலாம். இரண்டும் ருசிதான், ஆனால் இரண்டாவதில் நம் கை இருக்கிறது.

அப்புறம், உயிரைப் பணயம் வைத்தால்தான் சாகசம் என்று பலர் நினைப்பது தவறு: கினபாலுவிலேயே அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள், பிள்ளைகளோடு சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவு மண்பாதைகளில் சைக்கிள் மிதித்தும் தொடங்கலாம்.