நாக்கு வெளுத்தால் கிட்னியா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. 9 வருடமாகச் சர்க்கரை. மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். கொஞ்ச நாளாக அவர் நாக்கு வெளுத்து, ஓரத்தில் பல் பதிந்த தடம் தெரிகிறது. நாக்கைப் படம் எடுத்தே கிட்னி கெடுவதை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்கிறான் மகன். நம்பலாமா டாக்டர்?
– வாசகி, மேலூர்

பதில்: நாக்கைக் கவனித்தீர்களே, அதுவே நல்லது அம்மா. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் ஒன்று. நானும் நோயாளி உட்கார்ந்ததும் நாக்கை நீட்டச் சொல்கிறவன்தான். கிட்னி பழுதானால் ரத்தம் ஊறத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஹார்மோன் குறையும். சோகை பிடித்து நாக்கு வெளுக்கும். ஆனால் அது பெரும்பாலும் பாதிப்பு முற்றிய பிறகு வருவது. வெறும் இரும்புச்சத்துக் குறைவிலும் நாக்கு வெளுக்கும்.

சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்திருந்த ஒருவர் கால் வீக்கம் என்று என்னிடம் வந்தார். வாயில் எப்போதும் வெற்றிலை. நாக்கு செக்கச்செவேல் என்றிருந்தது. ஆனால் கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 4-ஐத் தாண்டியிருந்தது! அந்த நாக்கைப் படம் பிடித்து என்ன தெரிந்திருக்கும்? இரண்டு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

நாக்குப் படங்களைக் கணினிக்குப் பழக்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. வரட்டும், சந்தோஷம். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சிறுநீரில்தான் ஆல்புமின் என்ற புரதம் கசியும். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுத்து ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கும்போது இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம், எவ்வளவு என்றும் கேளுங்கள். ‘கிரியேட்டினின் நார்மல்’ என்றதும் எழுந்து வந்துவிடாதீர்கள். கிட்னியின் வேலை பாதியாகக் குறையும் வரைகூட அது நார்மலாகக் காட்டலாம். இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே 3 மாதம் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். சர்க்கரை உள்ள எல்லோரும் இந்த இரண்டையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். அப்படியே ஹீமோகுளோபினும். பல் தடம் தைராய்டு குறைந்தாலும் வரும், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவர், கால்வலிக்கு மெடிக்கலில் அவராகவே மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? போட்டால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வலி மாத்திரைகள் பல கிட்னியைக் கெடுக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். பிரஷர் எவ்வளவு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.