0, 1 மட்டும் வைத்து ஒரு செல்லை விளக்க முடியுமா?

கேள்வி: செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை 'உண்டு, இல்லை' என்று சுருக்கிவிட்டால் உண்மை தொலைந்துவிடாதா?

கொஞ்சம் தொலையும். ஆனால் மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்தபோது நான் அசந்துபோனேன்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் ஒவ்வொரு பொருளின் அளவும் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் வகைக்கெழுச் சமன்பாடுகளோடுதான் மல்லுக்கட்டினேன். புரதத்துக்கு ஒரு சமன்பாடு, வினைக்கு அதன் வேகம் போன்றவற்றைச் சொல்லும் இரண்டு மூன்று மாறிலிகள். ஒரு மாறிலி சோதனைக் குழாயில் அளந்தது, இன்னொன்று வேறோர் உயிரினத்தில் அளந்தது, பாதியை யாரும் அளந்ததே இல்லை. விடை பொருந்தும்வரை எண்களைத் திருகுவேன். பொருந்திய பிறகும், எந்தப் புரதம் எதைத் தூண்டுகிறது, எதைத் தடுக்கிறது என்ற வலையமைப்பு சரியாக இருப்பதால் பொருந்தியதா, நான் திருகியதால் பொருந்தியதா என்று தெரியாது. அது என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போதுதான் சாவ் தாங் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஈஸ்ட் செல்பிரிவு மாதிரியைப் படித்தேன். மொத்தம் 11 கணுக்கள், அதாவது வலையில் புரதங்களைக் குறிக்கும் புள்ளிகள். ஒவ்வொன்றும் 0 (ஓய்வு) அல்லது 1 (இயக்கம்). விதியும் எளிது: ஒரு கணுவைத் தூண்டுபவை அதிகமாக இயங்கினால் அடுத்த படியில் 1, தடுப்பவை அதிகமானால் 0, சமமானால் இருந்தபடியே இருக்கும். தடுக்க ஆளில்லாத புரதம் தானாகவே அழிந்துவிடும். மாறிலி என்று ஒன்றுகூடக் கிடையாது.

11 கணுக்கள் என்றால் 2048 நிலைகள். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதினால் கண் இமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாம். நான் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் கடைசியில் ஏழே ஏழு நிலைகளில் போய் அடங்குகின்றன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் 1764 நிலைகள் வந்து சேர்கின்றன, அதாவது 86 சதவீதம். அந்த நிலையில் பிரிவைத் தடுத்து நிறுத்தும் சிக்-1, சிடிஎச்-1 என்ற இரு புரதங்கள்தான் விழித்திருக்கின்றன. ஈஸ்ட் செல் அடுத்த பிரிவுக்குக் காத்திருக்கும் ஜி-1 கட்டம் அதுவேதான்! அங்கிருந்து, பிரிவைத் தொடங்கிவைக்கும் சிஎல்என்-3 புரதத்தை மட்டும் 1 ஆக்குங்கள். செல் சுழற்சியின் கட்டங்களை வரிசை மாறாமல் கடந்து, சுமார் ஒரு டஜன் படிகளில் திரும்ப அதே ஜி-1-க்கு வந்து நிற்கும்.

இது எப்படிச் சாத்தியம்? பிரிவை நடத்தும் சிஎல்பி-2 புரதத்தைச் சிக்-1 அடக்குகிறது, சிஎல்பி-2 சிக்-1-ஐ அடக்குகிறது. இரண்டும் ஒருசேரத் தலைதூக்க முடியாது, யார் கை ஓங்கும் என்பதுதான் கேள்வி. இப்படிப்பட்ட இடங்களில் வினையின் வேகக்கோடு எஸ் வடிவத்தில் செங்குத்தாக ஏறும். அந்த ஏற்றத்தின் செங்குத்தைச் சொல்லும் எண்ணான ஹில் கெழு பெரிதாகப் பெரிதாக அந்தக் கோடு படிக்கட்டாகவே ஆகிவிடும். படிக்கட்டை 0, 1 என்று எழுதுவதில் பெரிய பொய் ஏதும் இல்லை. பழ ஈயின் கருவில் உடல் கண்டங்களைப் பிரிக்கும் மரபணு வலைக்கு 2000-ல் வந்த சமன்பாட்டு மாதிரியில் ஐம்பதுக்கு நெருக்கமான மாறிலிகள் இருந்தன. 2003-ல் ரேகா ஆல்பர்ட்டும் ஹான்ஸ் ஆத்மரும் அவை எதுவுமில்லாமல் 0, 1 தர்க்க விதிகளாலேயே அந்தக் கண்டக் கோலத்தை வரவழைத்தார்கள்.

தொலைவது நேரமும் அளவும். மருந்தை எவ்வளவு கொடுத்தால் செல் நிற்கும் என்று இந்த மாதிரியிடம் கேட்க முடியாது. எல்லாக் கணுக்களும் ஒரே நொடியில் மாறுவதாக வைத்துக்கொள்வதும் செயற்கையானது. செல்லுக்குள் அப்படி ஒரு பொதுக் கடிகாரம் கிடையாது. அதனால் நான் இப்போது முதலில் தர்க்க மாதிரியை எழுதி, கணுக்கள் மாறும் வரிசையைக் கலைத்துக் கலைத்து ஓட்டுகிறேன். எந்த இடத்தில் வரிசை மாறினால் விடையும் மாறுகிறதோ, அந்த வினைக்கு மட்டும் மாறிலியைத் தேடிப் போகிறேன்.