ஒரே செல் கொண்ட பாசியை ஆய்வகத்தில் ஏன் வளர்க்கிறார்கள்?

அசிட்டாபுலேரியாவைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 5 சென்டிமீட்டர் உயரம்கூட வளரும் குடை போன்ற கடல்பாசி. ஆனால் முழுவதும் ஒரே செல். குடை முதிரும்வரை உட்கருவும் ஒன்றுதான், அதுவும் அடியில், பாறையைப் பற்றும் வேர் போன்ற பகுதியில். அப்புறம் என்ன, கத்தரித்தே உட்கருவைப் பிரித்துவிடலாம்! 1930களில் ஜெர்மன் உயிரியலாளர் ஹேமர்லிங் அதைத்தான் செய்தார். ஒரு இனத்தின் தண்டை இன்னொன்றின் அடிப்பகுதியில் ஒட்டினார். முதலில் முளைத்த குடை சில சமயம் இரண்டுங்கெட்டானாக இருந்தது. அதை வெட்டியபின் வந்த குடையோ அடியிலிருந்த உட்கருவின் இனத்தையே ஒத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், உட்கருவே இல்லாத தண்டும் ஒரு முறை குடை விரிக்கும். உட்கரு முன்பே அனுப்பிவைத்த ஆர்.என்.ஏ., அதாவது அதன் கட்டளையைச் சுமக்கும் மூலக்கூறு, அதில் சேமிப்பாக இருக்கிறது. அந்தக் குடையையும் வெட்டிவிட்டால் மறுபடி முளைப்பதில்லை.