தாராவியில் மாடி வீட்டுக்குக் கணக்கு இல்லை

அன்புள்ள சார்,

மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தைத் தனியாரிடம் கொடுப்பது பற்றி நீங்கள் சந்தேகப்பட்டு எழுதியதைப் படித்தேன். தனியார் என்றாலே சந்தேகப்பட வேண்டுமா? அரசிடம் நிலம் இருக்கிறது, பணம் இல்லை. கம்பெனியிடம் பணம் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஏழைக்கு 350 சதுர அடியில், கழிப்பறையோடு, இலவசமாக வீடு கிடைக்கிறது. இதில் என்ன தப்பு?

எஸ். ஆர்., தாம்பரம்

அன்புள்ள எஸ். ஆர்.,

தனியார் கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அரசே கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கவில்லை. கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் அரசு கட்டியவைதான், கூவம் கரையில் இருந்தவர்களைப் பிழைப்பை விட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோய் வைத்தார்கள் என்று தாம்பரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ‘இலவசம்’ என்கிறீர்களே, அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. மும்பையில் 1995 முதல் நடக்கும் ஏற்பாடு இதுதான்: குடிசைவாசிகளுக்கு வீடு கட்டித் தரும் பில்டர், அதற்குப் பதிலாகக் கூடுதல் மாடிகள் கட்டி வெளிச்சந்தையில் விற்றுக்கொள்ளலாம். அந்த வீட்டுக்கான பணம் பில்டரின் பையிலிருந்து வருவதில்லை, நிலத்திலிருந்து வருகிறது. தாராவியின் பெரும்பகுதி பொது நிலம். பெரிய கம்பெனிகளின் அலுவலகங்கள் இருக்கும் பாந்த்ரா குர்லா வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ஒரு சதுர அடி என்ன விலை போகும் என்று பாருங்கள்.

அப்படியானால் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதில்தான் மொத்த லாபமும் இருக்கிறது. தாராவிக்குள் வீடு பெறத் தகுதியில்லை என்று ஒரு குடும்பம் வெளியே போனால், விற்பதற்கான இடம் அந்த அளவுக்குக் கூடும். 2022-ல் 5,069 கோடிக்கு ஏலம் எடுத்த அதானி குழுமத்துக்குத் திட்டக் கம்பெனியில் 80 சதவீதம், மகாராஷ்டிர அரசுக்கு 20. தகுதியை முடிவு செய்வதும் அதே அரசு. பங்குதாரரே நடுவராகவும் உட்கார்ந்தால் குடிசைக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்?

விதி என்ன சொல்கிறது? 1.1.2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள் 350 சதுர அடி. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவருக்கு வெளியே எங்கோ 300 சதுர அடி, அதுவும் இரண்டரை லட்சம் கட்டினால். மேல்தளத்தில் இருப்பவருக்கு? எத்தனை வருஷம் இருந்தாலும் சரி, வெளியே வாடகை வீடு, தவணையில் வாங்கிக்கொள்ளலாம்.

தாராவியில் எனக்குத் தெரிந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பம் இட்லி வியாபாரம் செய்கிறது. கீழே அண்ணன் வீடு, பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும், பாதி இடம் கிரைண்டருக்கும் இட்லிக் கொப்பரைக்கும். விடியற்காலை நாலு மணிக்கு அந்த அறையில் ஆவியில் ஆள் முகம் தெரியாது. செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி, பிடித்து ஏற ஒரு நைலான் கயிறு, மேலே தம்பி குடும்பம். அண்ணன் மாவு அரைத்து வேகவைப்பார், தம்பி அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி தெருத்தெருவாகப் போவார். ஒரே வீடு, ஒரே தொழில். நான் சொன்ன விதிப்படி அண்ணன் தாராவியில் இருக்கலாம், தம்பி வெளியே போக வேண்டும். சைக்கிள் இல்லாமல் அந்த இட்லியை யார் விற்பது? அப்புறம், பதினைந்தாவது மாடியில் விடியற்காலையில் கிரைண்டர் ஓட்ட எந்தச் சங்கம் சம்மதிக்கும்?

இவர்கள் மாற்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கிற பெண்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். 1985-ல் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி அறிவித்ததிலிருந்து பார்க்கிறார்கள். 2004-ல் ஒரு பெரிய திட்டம், 2018-ல் ஒரு டெண்டர், 2020-ல் அது ரத்து. எந்த நேரமும் இடிக்கலாம் என்கிற வீட்டில் எவ்வளவு செலவு செய்வது என்ற யோசனையிலேயே ஒரு தலைமுறை போய்விட்டது.

அதனால் கம்பெனி வரட்டும், கட்டட்டும். தகுதியை முடிவு செய்யும் வேலையை லாபத்தில் பங்கில்லாத ஓர் அமைப்பிடம் கொடுக்க வேண்டும், யாருக்கு என்ன கிடைத்தது என்று வார்டு வாரியாகப் பட்டியல் ஒட்ட வேண்டும். மேல்தளத்தில் இருப்பவர்களையும் தாராவிக்குள்ளேயே கணக்கில் எடுக்க வேண்டும். அதனால் விற்பனைக் கட்டடங்களில் சில மாடிகள் குறையும். குறையட்டும்.