டெக்ஸாஸுக்கு எந்த கிரைண்டர், துபாய்க்கு எந்த முத்திரை?

கேள்வி: கணவருக்கு அமெரிக்காவில், டெக்ஸாஸில் வேலை. வீட்டில் இருக்கும் 750 வாட்ஸ் மிக்ஸியையும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரையும் கொண்டுபோகலாமா? "ஒரு கன்வெர்ட்டர் வாங்கினால் போதும்" என்கிறார் கடைக்காரர். (கோவை வாசகி)

வேண்டாம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலைச் சுற்று). அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பின் மாற்றும் அடாப்டர் பிளக்கின் முனையைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பாதி வோல்ட்டில் மிக்ஸி சுற்றத்தான் செய்யும். தேங்காய்ச் சில்லு விழுந்ததும் பிளேடு திணறி நிற்கும், மோட்டார் சூடேறிக் கருகல் வாசனை வரும்.

கையடக்கமாக விற்கும் பயணக் கன்வெர்ட்டர்களில் பலவும் 220 வோல்ட்டை 110 ஆக இறக்குபவை. உங்களுக்குத் தேவை அதற்கு நேரெதிர், அதாவது வோல்ட்டை ஏற்றும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்ட் பல மடங்கு இழுக்கும் என்பதால் 750 வாட்ஸ் மிக்ஸிக்கு 1500 வாட்ஸ் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். இரும்பும் செம்புமாக அது மிக்ஸியை விடக் கனக்கும். சமையல் மேடையில் அதற்கு நிரந்தரமாக ஓர் இடமும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

கிரைண்டர் விஷயம் இன்னும் சிக்கல். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், அதற்கு 50, 60 வித்தியாசம் பெரிதல்ல. கிரைண்டர்களில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார். 60 ஹெர்ட்ஸில் அது ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும். மாவு சூடாகும், சத்தம் ஏறும், பெல்ட் சீக்கிரம் தேயும்.

ஆகவே ஏற்றுமதிக்கென்றே செய்யப்படும் 110 வோல்ட் மாடலை வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற கிரைண்டரின் ஊரிலேயே இருக்கிறீர்கள், கேட்டால் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், அடிப்பாகத்துத் தகட்டில் 110 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இந்தியாவில் மட்டும்தான் என்றால், அங்குள்ள இந்தியக் கடையில் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதே மேல். ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் இரண்டு, ஜார் வாஷர் இரண்டு, கார்பன் பிரஷ் ஒரு ஜோடி, கிரைண்டர் பெல்ட் ஒன்று தனியாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஐந்து ரூபாய்ப் பொருளுக்காக மிக்ஸியே மூலையில் கிடக்கும்.

விமானத்தில் கொண்டுபோனால் குழவிக் கற்களை டிரம்மை விட்டுக் கழற்றி, தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். உள்ளேயே விட்டால் ஒன்றோடொன்று மோதி விளிம்பு உடையும். மொத்தப் பெட்டியும் 23 கிலோவுக்குள் நிற்கிறதா என்று வீட்டிலேயே எடை போடுங்கள். பல விமான நிறுவனங்களில் சாதாரண வகுப்புப் பெட்டிக்கு அதுதான் வரம்பு.

லேப்டாப், போன் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை, பின் அடாப்டர் மட்டும் போதும். குக்கரும் தோசைக்கல்லும் அடி தட்டையாக இருக்கட்டும். அங்கே பல வீடுகளில் கேஸ் கிடையாது, கண்ணாடி மேடை அடுப்புதான், குழிந்த கல் அதில் சூடேறாது. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் சாதாரண அலுமினியக் குக்கர் வேலைக்கு ஆகாது. கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் கூடுதலாக எடுத்துப்போங்கள்.

கேள்வி: துபாய்க்குக் குடும்பத்தோடு போகிறோம். அம்மா மசாலா சாமான், கசகசா, கொப்பரை, வெற்றிலை எல்லாம் கட்டிவைத்திருக்கிறார். கொண்டுபோகலாமா? (மதுரை)

கசகசாவை இப்போதே எடுத்து வெளியே வையுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும், அளவு கொஞ்சம்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. சிங்கப்பூரிலும் அதற்குத் தடை உண்டு. கசகசா கலந்த குருமாப் பொடி, கறி மசாலா பொட்டலங்களின் பின்பக்கப் பட்டியலையும் படித்துப் பாருங்கள், பலரும் மறப்பது இதைத்தான். வெற்றிலையும் அமீரகத்தின் தடைப்பட்டியலில் இருக்கிறது. கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு வகையில் வருவதால் செக்-இன் பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும்.

மாத்திரைகளில் அங்கே கட்டுப்பாடுள்ள டிரமடால், கோடீன் இருக்கிறதா என்று பாருங்கள். கோடீன் சில இருமல் சிரப்பில்கூட இருக்கும். இருந்தால் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்காமல் எடுத்துப்போகாதீர்கள். மற்ற மருந்துகளையும் டப்பாவில் கொட்டிவைக்காமல் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு வையுங்கள்.

கேள்வி: பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் போதும் என்கிறார் ஏஜென்ட். வேலை அபுதாபியில். (திருச்சி)

போதாது. அப்போஸ்டில் என்பது சான்றிதழ் உண்மையானது என்று நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் ஒற்றைச் சான்று. அதை ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குத்தான் அது செல்லும். இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது. ஓமனும் பஹ்ரைனும் சேர்ந்திருக்கின்றன, சவுதி 2022-ல் சேர்ந்தது. அபுதாபி இருக்கும் அமீரகம் அதில் இல்லை. அதற்கு மாநில உயர்கல்வித் துறை, மத்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, கடைசியில் அங்கே போய் அவர்கள் வெளியுறவு அமைச்சகத்திலும் வாங்க வேண்டும். அப்போஸ்டில் மட்டும் ஒட்டி வந்தால் கொடுத்த பணம் வீண்.

முத்திரை மூலச் சான்றிதழின் பின்பக்கத்தில் விழும். லேமினேட் செய்த சான்றிதழ் என்றால் முத்திரை குத்த இடமிருக்காது. நீங்களே உரிக்கப் பார்க்காதீர்கள், மை சேர்ந்து வந்துவிடும். பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு வாரங்கள் ஆகும் என்பதால் விசா வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை ஒன்று. சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருந்தால் இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். பெற்றோரைப் பின்னால் அழைத்துப்போக நினைத்தால் அவர்கள் பாஸ்போர்ட்டையும் இப்போதே பாருங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயரோடு இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் 2022 நவம்பர் முதல் அமீரகம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

கேள்வி: இங்கே இருக்கும் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? (சேலம்)

கூடாது. வேலைக்காக வெளிநாடு போனதும் அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்கிறது அந்நியச் செலாவணிச் சட்டம். வாடகை, பென்ஷன் போல இங்கே வரும் பணத்துக்கு அது. அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு திறங்கள், அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கை முதிர்வு வரை தொடரலாம், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. கிளம்பும்போது இந்திய ரூபாய் நோட்டு ஒருவருக்கு 25,000 வரைதான். பழைய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

கேள்வி: கத்தார் வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். தம்பி எட்டாவது வரை படித்தவன். (ராமநாதபுரம்)

கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 35,400. ரசீது கொடுத்தாக வேண்டும். பத்தாவது முடிக்காதவர் என்பதால் தம்பி வேலைக்கு வெளியே போக இந்திய அரசின் குடியேற்ற அனுமதி கட்டாயம். "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போனவருக்குச் சம்பளம் நின்றால் காட்ட ஒப்பந்தமும் இருக்காது, வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கான 10 லட்ச ரூபாய் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் இருக்காது. ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கேயும் தம்பி பெயரைப் பதிந்துவையுங்கள்.