'ரெபெக்கா' நாவலின் கதாநாயகிக்கு ஏன் பெயரே இல்லை?

முதல்முறை படித்தபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. அக்காவிடம் கதை சொல்ல உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். "அவ என்ன பண்றான்னா..." என்று இழுத்தால், "எவ? பேரைச் சொல்லு முதல்ல" என்கிறாள். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், பெயர் எங்குமே இல்லை. அழகான, அபூர்வமான பெயர் என்று ஓர் இடத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் மேக்ஸிம் பாராட்டுகிறான். என்ன பெயர் என்று மட்டும் சொல்வதில்லை!

நாவலை எழுதிய டாப்னி டு மோரியர் சொன்ன காரணம் சாதாரணமானது: முதலில் பெயர் எதுவும் தோன்றவில்லை, அப்புறம் பெயரில்லாமலே எழுதுவது ஒரு சவாலாகப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் கதைக்கு அது எப்படிப் பொருந்திவிட்டது பாருங்கள். பணக்கார அம்மாள் ஒருத்திக்குத் துணையாகச் சம்பளத்துக்குப் போன ஏழைப்பெண், மனைவியை இழந்த மேக்ஸிம் டி வின்டரைக் கட்டிக்கொண்டு மான்டர்லி மாளிகைக்கு வருகிறாள். வீடெங்கும் செத்துப்போன முதல் மனைவி ரெபெக்காதான். ஒரு காலை தொலைபேசி ஒலிக்கிறது. "மிஸஸ் டி வின்டரா?" என்று கேட்கிறார்கள். "அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறதே" என்கிறாள் இவள். இப்போது அந்த மிஸஸ் டி வின்டர் தான்தான் என்பது அவளுக்கே நினைவில்லை. பேசியது வீட்டு நிர்வாகி மிஸஸ் டேன்வர்ஸ், அன்றைய சமையலுக்கு ஒப்புதல் கேட்க! இந்த இடத்தில் நான் சிரித்தேன், அடுத்த நொடியே பாவமாகிவிட்டது.

கணவனின் வாழ்க்கையில் முன்பு இருந்தவள் மேல் வரும் இந்தப் பொறாமை டாப்னிக்குத் தெரியாத விஷயமில்லை. அவருடைய கணவர் பிரவுனிங்குக்கு முன்பு ஜேன் ரிக்கார்டோ என்ற பெண்ணோடு திருமணம் நிச்சயமாகி முறிந்திருந்தது. அவளுடைய பழைய கடிதங்களை டாப்னி பார்த்திருக்கிறார். கையெழுத்தில் ரிக்கார்டோவின் 'ஆர்' (R) பெரிதாக, வீச்சாக இருக்குமாம். நாவலிலும் ரெபெக்காவின் 'ஆர்' மற்ற எழுத்துகளையெல்லாம் குள்ளமாக்கிக்கொண்டு நிற்கிறது. 1937-ல் கணவரின் ராணுவப் பணிக்காக எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் வெயிலில் வெந்துகொண்டு, இங்கிலாந்தின் கார்ன்வாலை நினைத்து ஏங்கியபடி எழுதத் தொடங்கினார். மான்டர்லிக்கு முன்மாதிரிகளில் ஒன்று கார்ன்வாலில் இருந்த மெனாபிலி என்ற வீடு. 1943-ல் அதையே குத்தகைக்கு எடுத்துக் குடியேறிவிட்டார்.

1938-ல் நாவல் வந்தபோது பதிப்பகம் காதல் கதையென்றே விற்றது. டாப்னியோ இது பொறாமையைப் பற்றிய கதை என்றார். என் ஓட்டு டாப்னிக்கு. (இனி வருவது முடிச்சு, படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.) ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றது தான்தான் என்று மேக்ஸிம் ஒப்புக்கொள்கிறான். 1940-ல் இயக்குநர் ஹிட்ச்காக் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையில்லாமல் தப்பிப்பதைத் தணிக்கை விதிகள் அனுமதிக்காததால் அதை விபத்தாக மாற்றிவிட்டார்கள். நாவலில் இதைக் கேட்ட கதாநாயகி அலறவில்லை, விலகி ஓடவுமில்லை. அப்படியானால் இவன் ரெபெக்காவை ஒருநாளும் நேசித்ததில்லை என்றுதான் அவள் மனம் துள்ளுகிறது.