அப்பாவின் நோட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நிமோனியா முற்றி 16 நாள் ஐசியூவில், வென்டிலேட்டரில் இருந்தார். வீடு திரும்பி மூன்று மாதமாகிறது. தினமும் நோட்டில் எழுதி, என்னைப் படிக்கச் சொல்கிறார். "கையக் கட்டி லாரில ஏத்தினாங்க" என்று நடக்காததெல்லாம் இருக்கிறது. மனம் பாதித்திருக்குமோ?

பதில்: லாரியைக் கண்டு பயப்படாதீர்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத் தொற்று, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து டெலிரியம் என்ற மனக்குழப்பம் வருவது சகஜம். குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவதும் உண்டு. ஸ்கேனுக்குத் தள்ளிப்போன ஸ்ட்ரெச்சர்தான் லாரியானதோ என்னவோ. "அப்படி நடக்கவே இல்லப்பா" என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். அவருக்கு அது நினைவு.

நானாக இருந்தால் வினைமுற்றுகளைப் பார்ப்பேன். கட்டினாங்க, ஏத்தினாங்க என்று போகும் எழுத்து, திடீரென "மூச்சு முட்டுது, யாரும் வரல" என்று இப்போது நடப்பதுபோல நிகழ்காலத்துக்கு மாறுகிறதா? கதை சொல்லும்போது எல்லோரும் இப்படித் தாவுவோம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தாவினால், அது அவருக்கு இன்னும் முடியவில்லை. பாதி வாக்கியத்தில் நின்று காய்கறி விலைக்குப் போவது, "ஒருத்தன் கிடந்தான்" என்று தன்னையே வேற்றாளாக எழுதுவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'நான்' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். நமக்கு அது அவ்வளவாக உதவாது. 'பயந்தேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது.

பழைய பக்கத்தோடு இந்த வாரப் பக்கத்தை ஒப்பிடுங்கள். 'அதனாலதான்', 'இப்பப் புரியுது' போன்ற சொற்கள் கூடியிருந்தால் நல்ல அறிகுறி என்பது உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வுகளில் தெரிந்தது. சொல் மாறாமல் அதே வரியே வந்தால் எங்கோ சிக்கியிருக்கிறார்.

எழுத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. கெட்ட கனவு, 'பீப்' சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, செக்கப்புக்கு வர மறுப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றி எழுதினால் அன்றைக்கே பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் இரவும் எடுப்பார்கள்.

ஐரோப்பாவில் பல ஐசியூக்களில் நர்சுகளும் குடும்பத்தாரும் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதுகிறார்கள். 2010இல் வெளியான, 352 பேரிடம் நடந்த ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கே புதிதாக அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் வந்தது. மற்றவர்களில் 13 சதவீதம். டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு நீங்களும் எழுதலாம். அவர் கேட்கும்போது காட்டுங்கள்: "இன்னிக்கு ஸ்கேனுக்குக் கொண்டுபோனாங்கப்பா. லிஃப்ட் வரைக்கும் நான் கூடவே வந்தேன்."